ஒரு மடியில் ஒரு குழந்தைதான்

ஐம்பது நாள்கூட ஆகாத என் இரட்டைப் பிள்ளைகளை ஹைதராபாத்தில் மாமியாரிடம் காட்ட, இன்று அம்மா வீடு இருக்கும் லாஸ்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் கடைக்கு விமான டிக்கெட் போடப் போனேன்.

"ஒருத்தர் மடியில ஒரு கொழந்தைதாம்மா. கூட இன்னொரு பெரிய ஆளு வரணும்," என்றார் கடைக்காரர்.

அங்கிருந்தே ஹைதராபாத்தில் இருக்கும் கணவருக்குப் போன் செய்து, வந்து அழைத்துப்போகச் சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் குரல்தான் முந்தியது.

"அதுக்கு அவன் எதுக்கு? பையன மட்டும் தூக்கிட்டு வா. பொண்ண உங்கம்மாகிட்ட வுட்டுடு."

"அதுவும் சரிதான். அவளுக்கு என்னா தெரியப்போவுது?" என்றார் கணவர்.

டிக்கெட் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகளின் படத்தை மட்டும் போட்டேன்.

"பையன் எங்க?" என்று உடனே கேட்டார் மாமியார்.

"எங்கம்மாகிட்ட வுட்டுட்டேன் அத்தை. அவனுக்கு என்னா தெரியப்போவுது?" என்று எழுதினேன்.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

அங்கே இப்போது ஒரு இடம் காலியாக இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?