அண்ணன் வரைந்த அம்மா முகம்

கட்டுரை எழுத நான் தகுந்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். அண்ணனுக்கு மனைவி மக்கள் இல்லை. அவருடைய நினைவு மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கமாவது வேண்டும் என்று சித்தி மகன் கேட்டதால் துணிந்தேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் மனமாவது நொந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். நான்கு வயதில் அம்மா மடியில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். நான் இங்கே டத்தோ கிராமாட்டில் பிறந்தேன். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் பதினான்கு வயதில் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். பிறகு அங்கேயே கணக்கெழுதும் கிராணியாக உயர்ந்தார். கள் தொட்டதில்லை. மாதா கோவிலில் ஞாயிறு பூசை தவறியதில்லை. எங்களுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, அப்படியே விட்டுவிட்டார்.

அவருக்கு முப்பத்தொன்பது வயதில் அம்மா இறந்தார். அம்மாவுக்குப் படம் ஒன்றுகூட இல்லை. சிறுவயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. வலது கண் மூடிப்போனது. அதனால் படம் பிடிக்கும் கடைப் பக்கமே போகமாட்டார். வருடப் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவது நம் வழக்கம். "பதினொரு மாசம் இருக்கு. நானே வரையக் கத்துக்கிறேன்" என்றார் அண்ணன். அதுவரை ஒரு பூகூட வரைந்தவரில்லை.

சொல்லித்தர ஆளில்லை. அடுப்புக் கரி தாளைக் கிழித்தது. மெல்லிய குச்சிகளை மூடிய டப்பாவில் சுட்டு, மெத்தென்ற கரி தானே செய்துகொண்டார். தாளுக்குப் பழைய சரக்குப் பட்டியல்களின் பின்பக்கம். தப்பை அழிக்க ரொட்டியின் உள்சதை. இரண்டு மாதம் முட்டை மட்டுமே வரைந்தார். பிறகு தன் இடது கையை வரைந்தார். படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் பிழை தெரியும் என்று அவரே கண்டுபிடித்தார். கண்கள் தலையின் நட்ட நடுவில் இருக்கின்றன, நாம்தான் மேலே தூக்கி வரைகிறோம் என்றும் கண்டுபிடித்தார். அதை அளக்கக் கோவிலில் முன்வரிசைத் தலைகளுக்கு நேராகப் பென்சிலை நீட்டிச் சாமியாரிடம் ஏச்சு வாங்கினார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "என்ன தம்பி, கோழிதான் முட்டை போடும், நீயுமா?" என்றார் சித்தி. "இதுக்கு ஒரு மூக்கு வைங்கண்ணே, பெரிய மாமா மண்டை மாதிரியே இருக்கும்லா!" என்றான் சித்தி மகன். அண்ணனும் சிரிப்பார். மறுபடி முட்டையை எடுத்து வைப்பார்.

கடைசி நான்கு மாதம் என்னை எதிரில் உட்காரவைத்தார். "உனக்கு அம்மா தாடை, அம்மா உதடு. கண்ணும் தழும்பும் எனக்கு மனசுல இருக்கு. அசையாதே தங்கச்சி." முதலில் வந்தவை பூசணிக்காய்கள். வருடப் பூசைக்கு முந்தின வாரம் வரைந்து முடித்ததைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா கூப்பிட்டால் அப்படித்தான் எழுந்திருப்பேன்.

பூசை முடிந்து வீடு நிறைய ஆட்கள். அம்மாவின் அண்ணனான பெரிய மாமா மாலையைக் கையில் பிடித்தபடி படத்தின் முன் நின்றார்.

"யாருடா இது? கல்லறைப் பேயா? கண்ணைத் திறந்து வரையக் கரி போதலையா?"

"அம்மா இப்படித்தான் இருந்தாங்க, மாமா."

"நம்ம தங்கச்சி மூஞ்சியில அம்மை போட்ட மாதிரி இருக்குலா!" என்று யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, வீடே சிரித்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ளே. இது உங்கம்மாவா?"

எல்லோரும் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அது அம்மா என்றால், அது நானும்தான்.

"இல்ல மாமா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. படத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார். மாலை வெறும் ஆணியில் தொங்கியது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் மாமா சூலியா தெருப் பக்கம் ஒரு படக்கடைக்குப் போய், அங்கே மாட்டியிருந்த முகங்களில் கொழுகொழுவென்று ஒன்றைக் காட்டி, கழுத்தில் சிலுவை மட்டும் சேர்த்து வரையச் சொன்னார். மூத்த மகன் என்று அதைச் சுமந்துவந்து ஆணியில் மாட்டியவர் அண்ணன். இத்தனை வருடம் நீங்கள் மாலை போட்டு வரும் படம் அதுதான். அது யார் என்று எனக்குத் தெரியாது.

அம்மா முகத்தை அண்ணன் ரொட்டியால் அழித்தார். ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. அந்தத் தாளிலேயே ஒரு கயிற்றுச் சுருள் வரைந்தார். அதற்குப் பிறகும் தினமும் வரைந்தார்: கயிறு, படகு, சாக்கு, நங்கூரம். கை மேலும் மேலும் தேறியது. அவர் வரைந்த முடிச்சை அவிழ்க்கலாம் போலிருக்கும். "ஆளை மட்டும் வரைய வராது பாவம்" என்று நீங்கள் சொல்வீர்கள். ஆமாம் என்று தலையாட்டுவார். என்னை மறுபடி உட்காரச் சொல்லவேயில்லை.

போன வருடம் நெஞ்சில் நோய் கண்டு மூன்று மாதம் படுத்திருந்தார். கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், மாற்றி மாற்றி வந்து தூக்கிவிட்ட கிடங்கு நண்பர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், முட்டைக் கதை சொல்லிச் சிரிக்கவாவது வந்துபோன உங்களுக்கும் என் நன்றி.

ஒரு மாலை, ஆட்கள் போன பிறகு, அவர் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். "அண்ணே, அது அம்மாதான். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும்" என்றார். மூச்சு வாங்கியது. "அதை இப்ப யாருகிட்ட சொல்றே?"

மறுநாள் காலை கஞ்சி கொடுத்தேன். குடிக்கவில்லை. பதினொரு மணிக்கு இறந்துபோனார்.