முதலில் எடுத்த பத்து மூட்டை

ஒட்டுசுட்டானில் ஐந்து பேர் பணம் போட்டுக் காணி வாங்கி, காடு வெட்டி வயலாக்கினோம். இதையெல்லாம் ஒழுங்குசெய்தவன் நான் என்பதால், விளைச்சலில் பத்து மூட்டை முதலில் எனக்கு, மிச்சமே பங்குகாரருக்கு என்று ஒப்பந்தம் எழுதினேன்.

முதற்போகத்தை யானைகள் மிதித்தன. பன்னிரண்டு மூட்டைதான் மிஞ்சியது.

“எழுதினபடி எடுங்கோ அண்ணை,” என்றார், வயலிலேயே குடியிருந்த பங்குகாரர் செல்லையா. “காவலுக்கு ஆள் பிடிக்க மிச்ச ரெண்டு மூட்டை காணாது. நான் தனியப் பாக்கிறன்.”

எடுத்தேன்.

அடுத்த போகத்தில், தனியே காவல் நின்ற அவரை யானை கொன்றது. அறுவடைக்குப் போனேன். “உங்கட பத்தையும் முதலே கட்டி வைச்சிட்டன்,” என்றார் அவர் மனைவி. வண்டியை வெறுமையாகத் திருப்பினேன்.

இப்போது கூட்டுக்காணி ஒப்பந்தங்களில் காவற்கூலியை முதலிலும் என் பங்கைக் கடைசியிலும் எழுதுகிறேன். நெல் மூட்டைகளைக் கண்டால் இன்றும் பத்துவரை எண்ணிவிடுகிறேன்.