கதிரையில் வைத்த பாகற்காய்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தங்கையின் மகன்; அவனை யாராவது கணக்கில் விட்டால் எனக்குக் கோபம் வரும். படித்தது குறைவு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நேரம் எடுக்கும். அவசரப்படுகிறவர்கள் மெட்ரோவில் போகட்டும். அது எங்கள் ஜன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. அடுத்த மாதம் என் கடைசி மகனும் மருமகளும் பேத்தியும் ஒகினாவாவுக்குப் போகிறார்கள். மருமகளின் தகப்பனாருக்கு எண்பத்தெட்டு வயது. அந்தத் தீவில் அந்த வயதைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். அரிசி அளக்கும்போது மேலே வழித்துவிடுகிற மூங்கில் துண்டை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து அனுப்புவார்களாம். எனக்கு முழங்கால் விடாது. நான் போகாவிட்டாலும், அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த நாளின் கதையாவது போகட்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு எங்கள் சனத்துக்கு எப்படிப் போனது என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த வருடம் பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற இந்த லா ஷப்பலில் யாரும் கலியாணம் பேசவில்லை. அடுத்த வருடம்தான் கடைசி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டி வந்தான். அவன் வேலை செய்கிற ஜப்பான் சாப்பாட்டுக்கடையில் அவள் மேசைக்குப் பரிமாறுகிறவள். அவனுக்கு முப்பத்தேழு வயதாகிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் குடும்பமாகி லா கூர்னெவ், வில்லியே லே பெல் என்று புறநகருக்குப் போய்விட்டார்கள். இவன் ஒருவன்தான் எனக்குக் குறை.

"வணக்கம், மாமி," என்றாள். அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"எந்த இடம், பிள்ளை?" என்று கேட்டேன். யாரைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

"யப்பான், அம்மா," என்றான் மகன்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஒகினாவா."

"அதுவும் யப்பான்தான், அம்மா."

"நீ சும்மா இரு. அவள் தன்ரை இடத்தைச் சொல்லுறாள். உன்னை ஆரும் சிலோனோ எண்டு கேட்டால் நீ என்ன சொல்லுறனி?"

"யாழ்ப்பாணம் எண்டு சொல்லுவன்."

"பிறகென்ன?"

அன்றே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் காரியம் என் கையில் இல்லை. தாய் இறந்துவிட்டாள், அவள் ஒரே பிள்ளை. தகப்பன் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. மகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் அந்த மனுஷன் விமானம் ஏறுகிறார் என்றும், அவர் வேண்டாம் என்றால் அவள் மீற மாட்டாள் என்றும் மகன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யாரிடமும் பெண் கேட்டுப் போனவள் இல்லை. என் பிள்ளைகளுக்கு என் வீடு தேடி வந்துதான் கேட்டார்கள். இந்த முறை நான்தான் கேட்கிற பக்கம்.

அவர் வருகிற நாளுக்கு முதல் நாள் மகன் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தான். பின்னால் சட்டி பானைச் சத்தம்.

"அம்மா, அவருக்கு கோயா எண்டால் உயிராம். வாங்கி வையுங்கோ."

"கொய்யாவோ?"

"ஓம் ஓம், அதுதான். போனை வைக்கிறன்."

கீழே எங்கள் கடைக்காரரிடம் போனேன். ஒவ்வொரு கொய்யாவாக மணந்து பார்த்து எடுத்தேன்.

"என்னம்மா, கொய்யாவுக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ?"

"நாளைக்குச் சம்பந்தி வாறார்."

"எவடம்?"

"யப்பான். ஒகினாவா."

"அப்ப பச்சை மீனெல்லோ வாங்கோணும்! கொய்யாவைக் குடுத்து ஏமாத்தப் போறியளோ?"

"உனக்குக் கொய்யா விக்க விருப்பமோ, சம்பந்தம் கதைக்க விருப்பமோ?"

சிரித்துக்கொண்டே இரண்டு பழத்தை மேலதிகமாகப் போட்டார்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதனால் என் குசினியில் பாகற்காய் இல்லாத நாள் இல்லை. ஆனால் நல்ல காரியம் பேச வருகிறவர்களுடைய கண்ணில் கசப்புப் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இருந்த பாகற்காய் எல்லாவற்றையும் பையோடு ஃபூருக்குள் தள்ளிக் கதவை மூடினேன். ஃபூர் என்றால் இங்கே கேக் சுடுகிற பெட்டி. எங்கள் வீட்டில் அது தாச்சிச் சட்டி வைக்கத்தான்.

மறுநாள் மத்தியானம் வந்தார். உயரம் இல்லை, நல்ல கறுத்த முகம், கையெல்லாம் வெயில் பட்ட கை. குனிந்து வணங்கினார். நான் கைகூப்பினேன். மிளகாய் போடாத பருப்பு, சொதி, வடை, பயத்தம் பாயாசம் எல்லாம் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் சாப்பிட்டார். நடுவில் தட்டு நிறையக் கொய்யா. ஒரு துண்டு எடுத்தார். இன்னொன்றை நான் நீட்ட, அதையும் எடுத்தார். மூன்றாவதுக்குக் கையால் மறித்தார். உயிர் என்று சொன்னார்களே, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

பேச்சு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் தன் பாஷையில் மகளிடம் சொல்லுவார், அவள் பிரெஞ்சில் என் மகனிடம் சொல்லுவாள், இவன் எனக்குத் தமிழில் சொல்லுவான். வருகிற வழியில் எல்லாம் சுருங்கிவிடும்.

"அந்த மனுஷன் இவ்வளவு நேரம் கதைச்சார். நீ, நல்லாயிருக்காம் எண்டு மட்டும் சொல்லுறாய்?"

"சாராம்சம் அதுதான், அம்மா."

"எனக்குச் சாராம்சம் வேண்டாம். அவர் சொன்னதைச் சொல்லு."

அவர் பஸ் ஓட்டிய கதையைச் சொன்னார். உலகச் சண்டைக்குப் பிறகு அவர்களுடைய தீவு நெடுங்காலம் அமெரிக்கரின் கையில் இருந்ததாம். அதனால் வாகனம் எல்லாம் இங்கே போல வலப்பக்கம். ஜப்பானோடு திரும்பச் சேர்ந்து சில வருடம் கழிய, ஒரே இரவில் ரோட்டை இடப்பக்கம் மாற்றினார்களாம். முதல் நாள் மாலைவரை வலப்பக்கம் ஓட்டினவர் விடிய எழும்பி இடப்பக்கம் ஓட்டினார்.

"பயமா இருக்கேல்லையோ எண்டு கேள்," என்றேன்.

"முதல் நாள் எல்லாரும் மெதுவா ஓட்டினவையாம்."

வந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. மகன் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் கேட்டேன்:

"ஒகினாவா எவடத்திலை இருக்கு? தோக்கியோவிலை இருந்து எவ்வளவு தூரம்?"

அவர் முகம் தெளிந்தது. மேசையைக் கையால் துடைத்தார். மகளிடம் ஏதோ சொல்ல, அவள் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு, அப்பிள், அரிசி, தேயிலை, எலுமிச்சை, வற்றாளங்கிழங்கு எல்லாம் எடுத்து வந்தாள். பாரிஸ்காரர் அந்தக் கடைசிக் கிழங்கை இனிப்பு உருளைக்கிழங்கு என்பார்கள்.

மேசைதான் ஜப்பான் என்று காட்டி, அதன் தலைமாட்டில் அவர் உருளைக்கிழங்கை வைத்தார். அது ஹொக்கைடோ, பனி கொட்டுகிற வடக்கு. ஜப்பானில் நாற்பத்தேழு மாகாணம், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்குக் கீழே கடலைத் தாண்டி அப்பிள், அது அவோமொரி. ஒரு பிடி அரிசியைக் குவித்து நீகாதா என்றார். அங்கே பனி உருகிய தண்ணீரில் வயல் விளையுமாம். தேயிலை ஷிசுவோகா. எலுமிச்சை ஹிரோஷிமா. குண்டு விழுந்த ஊர் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே கடலோரத் தீவெல்லாம் எலுமிச்சைத் தோட்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் தோக்கியோவுக்கு வெறும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"அங்கை என்ன விளையுது?" என்றேன்.

"ஒண்டும் விளையாதாம். எல்லாம் அங்கைதான் போய்ச் சேருமாம்," என்றான் மகன்.

"பாரிஸ் மாதிரி."

அதைச் சொல்ல, மனுஷன் முதல்முறை சிரித்தார்.

மேசையின் கால்மாட்டில் வற்றாளங்கிழங்கு. அது ககோஷிமா. முற்காலத்தில் ஒகினாவா தனி ராச்சியமாம். ககோஷிமாக்காரர் படையோடு வந்து ராசாவை அடக்கினார்களாம். இந்தக் கிழங்கு சீனாவிலிருந்து ஒகினாவாவுக்கு வந்து, அங்கேயிருந்துதான் அவர்களிடம் போனது. இன்றைக்கு ஜப்பான் முழுக்க அதைக் ககோஷிமாவின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

"கிழங்கு எங்கடை, பேர் அவையின்ரை எண்டுறார்," என்றான் மகன். இதை அவன் சுருக்கவில்லை.

மேசை முடிந்துவிட்டது. ஒகினாவாவை இன்னும் காணவில்லை. அவர் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து, மேசையிலிருந்து தள்ளி, ஒரு கை தூரத்தில் நிறுத்தினார். கப்பலில் ஓர் இரவும் பகலும் போக வேண்டிய தூரம். கதிரையைத் தட்டி மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்து, "கோயா?" என்றாள்.

நான் தட்டிலிருந்து பெரிய கொய்யாவை எடுத்து நீட்டினேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் கையை நீட்டி, காற்றில் நீளமாக ஒன்றை வரைந்தார். பிறகு அதன்மேல் விரல் நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார். முகத்தைச் சுளித்து, நாக்கை நீட்டிக் காட்டினார்.

"ஐயோ கடவுளே," என்றேன்.

எழும்பிப் போய் ஃபூரைத் திறந்தேன். பையிலிருந்து ஒரு பாகற்காயை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் தடவினார், மணந்தார், கதிரையில் கிடத்தினார். "கோயா," என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகனுக்குக் காது சிவந்துவிட்டது. ஜப்பான் கடையில் இத்தனை வருடம் வேலை செய்கிறான், அவனுக்கும் தெரியவில்லை. அந்தக் கடையில் அது சமைப்பதில்லையாம், அது தீவுச் சாப்பாடாம்.

ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டார்.

"நல்ல காரியம் கதைக்கேக்கை நாங்கள் கசப்பு வைக்கிறேல்லை."

அது இரண்டு பாஷை தாண்டிப் போய்ச் சேர, அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்பிடிப் பாத்தால் எங்கடை தீவிலை ஒருத்தருக்கும் கலியாணம் நடந்திராது எண்டுறார், அம்மா."

நான் விடவில்லை. இன்னொரு கதிரையை இழுத்து, ஒகினாவாவுக்குப் பக்கத்தில் போட்டு, அதில் ஒரு பனங்கட்டியை வைத்தேன். "இது எங்கடை இடம். நாங்களும் மேசையிலை இல்லை," என்றேன். அவர் அதைப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் பனங்கட்டியில் ஒரு மூலையை உடைத்தார். தேத்தண்ணிக்குள் போடவில்லை. வாயில் வைத்துக் கடித்தார், பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். எங்களைப் போலவே. அவர்கள் ஊரில் கரும்பில் கறுப்புச் சர்க்கரை காய்ச்சி இப்படித்தான் கடிப்பார்களாம். வேறு எந்த வெளிநாட்டுக்காரரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

அதன் பிறகுதான் அவர் வந்த விஷயத்தைத் தொட்டார். சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் தீவுப் பேச்சுப் பேசினால் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்களாம். இன்னொரு பிள்ளை பேசி மாட்டும்வரை அதைக் கழற்ற முடியாது. அந்தப் பயத்தில் தன் மகளுக்கு அவர் அந்தப் பேச்சைக் கொடுக்கவே இல்லை. பெண்சாதியோடு சண்டை பிடிக்கும்போது மட்டும்தான் பேசுவாராம். "இங்கே ஒரு பிள்ளை பிறந்தால் அது என்ன பேசும்? என்னோடு அதற்கு ஒரு சொல்லும் இராதே?" என்று கேட்டார்.

மகன் என்னைப் பார்த்தான். இதற்கு நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவு என்று எனக்கு விளங்கியது. யோசிக்கவும் இல்லை.

"பிள்ளை என்னத்தையும் கதைக்கட்டும். உங்கடை பேச்சையும் கதைக்கட்டும். என்ரை வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்திலை சங்கிலிதான் போடுவம், பலகை போடமாட்டம் எண்டு சொல்லு. சுருக்காமல் சொல்லு."

மகன் சொன்னான், அவள் சொன்னாள். அவர் மகளைப் பார்த்து நீளமாகப் பேசினார். அவள் அழுதாள். அவர் எழும்பி, ஒகினாவாக் கதிரையை மேசையோடு ஒட்டித் தள்ளிவிட்டு, பாகற்காயை எடுத்துக்கொண்டு என் குசினிக்குள் போனார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டுறார், அம்மா."

அந்த முறை மட்டும் நான் சுருக்கத்துக்குச் சண்டை பிடிக்கவில்லை.

அவர் பாகற்காயை மெல்லிசாக வெட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து, முட்டை ஊற்றி வதக்கினார். பன்றி இறைச்சி போடுவார்களாம், என்னைப் பார்த்து விட்டுவிட்டார். அப்படியும் நல்ல கசப்பு. சட்டியில் மிச்சம் இல்லை.

பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள் சங்கிலி போட்டோம். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என்னோடு தமிழ், கோபம் வந்தால் பிரெஞ்சு, தாயோடு ஜப்பான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தக் கிழவர் அவளுக்குத் தீவுச் சொல் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். மகளுக்குக் கொடுக்காததைப் பேத்திக்குக் கொடுக்கிறார். சாப்பிட்டு எழும்பும்போது என்னிடம் "நிஃபே தேபிரு" என்பாள். நன்றி என்று அர்த்தம். நானும் திருப்பிச் சொல்லுவேன். என் உச்சரிப்புப் பிழையாம்.

மருமகள் இப்போது நன்றாகத் தமிழ் கதைப்பாள். அன்றைக்கு அவர் நீளமாகச் சொன்னது என்ன என்று போன வருடம்தான் அவளைக் கேட்டேன். இப்படிச் சொன்னாராம்: "இங்கே எல்லாம் உனக்கு மற்றப் பக்கமாக இருக்கும். முதல் நாள் மெதுவாக ஓட்டு. பிறகு கைக்குத் தானாகத் தெரியும்."

என் மகன் அதை ஓம் என்று சுருக்கினது பிழை இல்லை.

இவ்வளவும்தான். பிள்ளை, அந்தப் போனை வைச்சிட்டு இஞ்சை வா. இதைத்தான் நீ ஒகினாவாவிலை உன்ரை தாத்தாவுக்கு அவர் பேச்சிலை சொல்லோணும், அதுக்கு முதல் எனக்குத் தமிழிலை வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. கொய்யா எண்டு வாற இடத்திலை சிரிக்காதை. சுருக்காமல், மெதுவா, முதலிலை இருந்து வாசி, பாப்பம்.