உத்தியோகத்துக்கு நேர்ந்த காவடி

தெய்வானைக்கு வாய் நீளம். கடல்கடந்த கரும்புத் தீவில், ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ச் சந்தையில் எந்தக் கடைக்காரனும் அவளிடம் எடை குறைக்கத் துணியமாட்டான். முப்பத்தேழாம் வருஷக் கரும்புத்தோட்டக் கலகத்தில் கங்காணியைத் துடைப்பத்தால் விரட்டியவள் பெற்ற மகள், வேறெப்படி இருப்பாள்? அவள் புருஷன் சாம்பசிவமோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். ஊருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சிக் கல்லூரியில் வருஷக்கணக்காகச் சீசா கழுவிக்கொண்டிருந்தார். தினக்கூலிதான். புயல் வந்து கல்லூரியை மூடினால் அன்றைக்கு அடுப்பும் மூடிக்கொள்ளும்.

அந்த வருஷம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியானது. மாதச் சம்பளம், வயதான காலத்தில் பென்ஷன். அது கிடைக்க வேண்டுமென்று சாம்பசிவம் தைப்பூசக் காவடி நேர்ந்துகொண்டார். கோயிலில் கொடியேறிய நாள் முதல் புருஷனும் பெண்டாட்டியும் மீன் தொடவில்லை, பாயை விட்டுத் தரையில் படுத்தார்கள். பூசத்துக்கு முதல் நாள் ஆய்வுக்கூடத் தலைவர் தெனி கூப்பிட்டனுப்பினார். நேர்காணல் மறுநாள் காலையிலாம்.

"நாளைக்குக் காவடி, மிஸ்யே. அடுத்த நாள் வரட்டுமா?"

"உனக்கு வேலை வேணுமா, திருவிழா வேணுமா?"

புருஷன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் தெய்வானைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"ஏசு பொறந்த நோயெல் அன்னிக்கு அவனைக் கூப்பிட்டா வருவானா, கட்டையில போறவன்! நீங்க போங்க. காவடியை நான் எடுக்கறேன். நானும்தானே விரதம் இருந்தேன்!"

மறுநாள் ஆற்றங்கரையில் அவள் நாக்கில் வேல் குத்தினார்கள். காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தார் கொதிக்கும் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தாள். பாதி வழியில் சாம்பசிவம் எதிரே வந்தார். நேர்காணலுக்குப் போட்டுப்போக இரவல் வாங்கிய சப்பாத்து கையில் தொங்கியது.

"நேர்காணலே நடக்கல, தெய்வானை. வேலையைப் போன வாரமே தெனியோட மச்சான் மகன் ரோபெருக்குக் குடுத்துட்டாங்க. காவடிய விட்டுட்டு நான் வரமாட்டேன்னு நெனச்சிருக்காங்க. என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க." தலை குனிந்துகொண்டார். "வந்தது வந்தே, சீசாவைக் கழுவிட்டுப் போன்னாங்க."

அவளால் வாய் திறக்க முடியாது. கண்ணாலேயே கேட்டாள்.

"கழுவினேன்," என்றார்.

அடப்பாவிகளா! அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது, தார் ரோடு சுடவில்லை. அரோகரா போட்டவர்கள் எல்லாரும் அவள் கண்ணீரைப் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

சன்னிதியில் குருக்கள் நாக்கிலிருந்து வேலை உருவி, "முருகான்னு சொல்லும்மா" என்றார். சாமியிடம் எப்போதும் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில்தான் பேசுவாள். அன்றைக்குச் சந்தையில் சண்டை போடுகிற கிரியோல் பாஷைதான் வந்தது.

"எங்க கடன் தீர்ந்துச்சு. இந்த அநியாயத்தைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னே? நீ கேக்கமாட்டே. நானே கேட்டுக்கறேன்."

அடுத்த நாள் சாம்பசிவம் வேலைக்குக் கிளம்பியபோது கதவை மறித்து உட்கார வைத்தாள். கல்லூரிக்கு அவளே போனாள். வாசலில் தடுத்த காவல்காரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே தெனியின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். ரோபெர் வெள்ளைக் கோட்டோடு ஓரமாக ஒதுங்கினான். வேல் குத்திய அவள் நாக்கு இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தெனிக்குப் புரிந்தது.