பாட்டுக்கு நடுவே பாங்கு

மௌத்தாகி மறைந்துபோன வாப்பாவின் கசட் பாட்டுகளைத் தம்பி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தந்திருந்தான். இன்று அதைக் கணினியில் பொருத்தினேன். முதல் பாட்டு பாதியில் தேய்ந்து அடங்க, தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கு கேட்டது.

சாய்ந்தமருது வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோடரை வைத்துத்தான் வாப்பா பாட்டுப் பிடிப்பார். நாங்கள் இருமவும் கூடாது. பாங்கு சொன்னதும் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார். ரெக்கோடரை நிறுத்த மறந்துவிடுவார். கடலும் காகமும் உம்மாவின் வளையலும் பதிந்துகொண்டே இருக்கும்.

முழுப் பாட்டுத்தான் இணையத்தில் கிடைக்கிறதே, இதை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பதிவில் பாங்கு முடிந்து வாப்பா கதைத்தார்.

"புள்ள, தேத்தண்ணி ஒண்டு தா."

இங்கே குசினியில் இப்போது கோப்பை கழுவிக்கொண்டிருந்த உம்மா அந்தக் குரலுக்குப் பதில் சொன்னார்:

"ஓம், இந்தா கொண்டுவாறன்."