அக்கா பேசிய பேரம்

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. அண்ணன்மார் இருவரும் வேலையாக இருப்பதால், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்த கடைக்குட்டியான என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள். பிழை இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

அக்கா பிறந்தது கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில். அப்பா காலமானதும், படிப்பை முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறி பாயான் பாருவில் இருந்த மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். எங்களை வளர்த்தது அந்தச் சம்பளம்தான். அக்கா எதையும் எளிதில் நம்பமாட்டார். மீன் வாங்கினால் மீனைவிட மீன்காரரை அதிக நேரம் உற்றுப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்து, காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அவர் தனியாகவே இருந்துவிட்டார்.

முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டுவது அவர் வேலை. ஒருமுறை அதைப் பழக வியட்நாமிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். நம் வேலை அங்கே போகப் போகிறது என்று உற்பத்தி லைனில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கையேட்டில் இருப்பதை மட்டும் சொல்வது, கைப்பழக்கத்தில் வந்ததைச் சொல்லாமல் விடுவது என்று லைன் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குக் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. ஒருத்தி அழுதும்விட்டாள். "நடிக்கிறாளோ என்னமோ" என்றார் அக்கா, வீட்டுக்கு வந்து.

ஆனால் அடுத்த கூடத்தில் பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்த புது மெஷின்கள் அவர் கண்ணை உறுத்தின. நேரே சூப்பர்வைசரிடம் போனார்.

"அது யாருக்கு சார்?"

"அது புது லைன்மா. கொஞ்சம் கஷ்டமான வேலை. டிப்ளோமா படிச்சவங்களுக்கு."

"பழைய வேலை வியட்நாமுக்கு, புது வேலை படிச்சவங்களுக்கு. எங்களுக்கு என்ன சார், பிரியாவிடை டின்னரா?"

"கம்பெனி வளருதும்மா. நல்லதுதானே?"

"எங்கள விட்டுட்டு வளந்தா அது வளர்ச்சி இல்ல சார், வீடு மாறிப் போறது. எங்கள முதல்ல அந்த மெஷின்ல உக்கார வைங்க. நாங்க அத கத்துக்கிட்டே இவங்களுக்கு இத கத்துக் கொடுக்கிறோம்."

"என்னைய நம்ப மாட்டியா?"

"நம்புறேன் சார். எழுதிக் கொடுத்தா இன்னும் நல்லா நம்புவேன்."

பேரம் படிந்தது. மாலை வகுப்பில் தேறுகிறவர்களுக்குப் புது லைனில் இடம். ஆனால் அக்காவின் தோழி மல்லிகா கொதித்துப்போனார்.

"பைத்தியமாடி உனக்கு? எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கும்?"

"லைனையே தூக்கிட்டுப் போயிட்டா, தெரிஞ்சத வச்சு மீன் கொழம்பா வைப்ப? வகுப்புக்கு வா லா."

மல்லிகா வரவில்லை. அக்கா முதல் தேர்வில் தோற்று, மறுதேர்வில் தேறினார். பழைய லைன் கப்பலேறியது. புது லைனுக்கு மாறியவர்கள் வேலையில் நிலைத்தார்கள். மல்லிகாவுக்கு வேலை போனது, இருவருக்கும் பேச்சும் நின்றது.

கடைசிக் காலத்தில் அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் டிவியில் கோட்டு போட்ட ஒருவர், ஆசிய நாடுகள் எப்படி வளர்ந்தன என்று விளக்கினார். சேமிப்பு, ஏற்றுமதி, வெளிநாட்டு முதலீடு என்று அடுக்கினார். அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சொல்றான். யாரு யாருக்குக் கத்துக் கொடுத்தாங்க, அதச் சொல்ல மாட்டேங்கிறானே. எதையோ மறைக்கிறான் தம்பி."

சில நாட்களில் அக்கா போய்விட்டார்.

கடைசிவரை பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தோள்கொடுத்த உறவினருக்கும், கூடாரம் போட்டுக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் கைகூப்புகிறோம். கருமாதியன்று அழைக்காமலே வந்து, அடுப்படியைக் கையிலெடுத்துக்கொண்டவர் மல்லிகா. கரண்டியோடு என்னிடம் சொன்னார்:

"அவ பேரம் பேசாம வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, பழைய லைன் இங்கயே இருந்திருக்குமோன்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம்தான் தம்பி."

சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். பந்தியில் கடைசி ஆள் எழும்வரை பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். மல்லிகா அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி.