நாப்பி ஜாடி

அப்பாவுக்கு ரங்கூனில் எதுவும் பிடிக்காது. இருபது வருஷம் அங்கே இருந்தார். இருபது வருஷமும் பிடிக்கவில்லை.

அரிசி மில்லில் வேலை. சாயங்காலம் வந்து குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடிப்பார், முகத்தைச் சுளிப்பார்.

"தண்ணியா இது? எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணிய ஒரு தபா குடிச்சிப் பாரு."

சோறு வழவழவென்று இருக்கிறது என்பார். மழை விடமாட்டேன் என்கிறது என்பார். பலகைத் தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் கயிற்றுக் கட்டிலைப் பற்றிப் பேசுவார். அதை அவரும் பெரியப்பாவும் சேர்ந்து பின்னினார்களாம். களியும் கருவாட்டுக் குழம்பும் என்பார். எனக்கும் அம்மாவுக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அம்மா ரங்கூனிலேயே பிறந்தவள். இந்தியாவைப் பார்த்தது கிடையாது.

"அந்தக் கெணத்தையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே. என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்பாள்.

"கெணறா இருந்தா எதுத்துப் பேசாது" என்பார் அப்பா.

வெகுநாள் கழித்து, கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் கட்டும்போது நான் செங்கல் சுமந்தேன். தூரதேசத்திலிருந்து வந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். மதியம் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பசி இருக்கும். கை போகாது. அவர்களைப் பார்த்த பிறகுதான் அப்பாவின் முகச்சுளிப்பு எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அதற்குள் அப்பா இல்லை.

பர்மா சர்க்கார் மில்லை எடுத்துக்கொண்டது. நம் ஆட்களை ஊருக்குப் போகச் சொன்னார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு எட்டு வயசு. "பெரியப்பா ஊட்டப் பாத்துட்டு வரலாம்" என்று அப்பா சொன்னார். கப்பல் என்றதும் எனக்குச் சந்தோஷம். பூனையைப் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரியிடம் கொடுத்து, திரும்பி வருகிற வரைக்கும் மீன் போடச் சொன்னேன். சரி என்றாள். அவள் ஏன் அழுதாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பெரியப்பாவின் ஊர் பெரியபாளையத்துக்கு இரண்டு கல் இந்தப் பக்கம். நெல் விளையும் ஊர். போய்ச் சேர்ந்ததும் அப்பா வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போனார். வாளியை இறைத்து, வாளியோடு தூக்கிக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னா தம்பி, பர்மால தண்ணியே இல்லியா?"

"இருந்துச்சி அண்ணி. இது இல்ல."

அப்பா வாயை விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒரே வாரத்தில் அவர் ஆளே மாறிப்போனார். செருப்பைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டார். "போய்க்கினு வந்துக்கினு" என்று பேசினார். கயிற்றுக் கட்டிலில் பகலிலும் படுத்துக் குறட்டை விட்டார். பெரியப்பாவும் அவரும் வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்துபோவார்கள். பேசமாட்டார்கள். அதுவே அவர்களுக்குப் போதும் போல இருந்தது.

எங்களுக்கு அப்படி இல்லை. ரங்கூன் வீட்டில் கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னாலேயே உண்டு. இங்கே விடிவதற்கு முன்னால் அம்மா என்னை எழுப்பி முள்ளுக்காட்டுக்கு அழைத்துப் போவாள். காலில் முள் குத்தினால் இருவரும் சத்தம் போடாமல் எடுத்துக்கொள்வோம். களி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீரில் மண் வாசம் அடித்தது.

எல்லாவற்றையும் விட நாப்பி இல்லாததுதான் பெரிய குறை. நாப்பி என்பது பர்மாவில் பொடி இறாலை உப்புப் போட்டு இடித்து, ஜாடியில் அடைத்துப் புளிக்கவைக்கும் விழுது. நாற்றம் ஊரைத் தூக்கும். சுடுசோற்றில் சுண்டைக்காய் அளவு வைத்துப் பிசைந்தால் வேறு எதுவும் வேண்டாம். தினமும் அதைத் தின்று வளர்ந்தவள் அம்மா. கப்பலில் கொண்டுவர விடவில்லை.

"இங்க அதெல்லாம் வேணாம். நம்ம ஊடு இது" என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆனி மாசத்தில் ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரி வந்தாள். அடியில் கொஞ்சம் பச்சைக் கூனி இறால் இருந்தது. அம்மா தன் தலையிலிருந்த ரங்கூன் சீப்பைக் கொடுத்து அதை வாங்கினாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உப்புப் போட்டு இடித்தோம். காயவைத்தோம். பெரியம்மா தூக்கிப்போட்டிருந்த வாய் உடைந்த ஊறுகாய் ஜாடியில் அடைத்து, துணி கட்டி, களிமண் பூசி, வறட்டி அடுக்குக்குப் பின்னால் வைத்தோம். மாட்டு வாசனையில் ஒன்றும் தெரியாது. அம்மா கெட்டிக்காரி.

"மூணு மாசம் ஆகணும்" என்றாள்.

"அதுக்குள்ள நாம ஊருக்குப் போயிடுவோமே."

அம்மா கையைக் கழுவிக்கொண்டே, "போனா எடுத்துக்கிட்டுப் போலாம்" என்றாள்.

ஆடி பிறந்தது. பெரியம்மா வீட்டைக் கழுவி மெழுகினாள். வாசலில் வேப்பிலை கட்டினாள். அவள் கையில் மஞ்சள் நூலால் காப்பு. காப்பு கட்டினால், அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டுப் பெரியபாளையத்துக்கு வண்டி கட்டிப் போய் வருகிற வரையில் வீட்டில் கவுச்சி கூடாது. கருவாட்டுப் பானையைக்கூட வெளியே அனுப்பிவிட்டாள்.

அந்த நாளில்தான் பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "ஆடி போவட்டும்டா. ஆவணில கெணத்துமேட்டு ஓரமா உனக்குக் கால் நட்டுடலாம். ரெண்டு ரூம்பு போதும் இல்ல?" அப்பா தலையை ஆட்டினார். கொஞ்சநேரம் கழித்துத் தனியாகக் கிணற்று மேட்டுக்குப் போய், காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். திரும்பி வந்து, வாசப்படி எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அம்மாவைக் கேட்டார். யாருக்கோ வீடு கட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ரங்கூனுக்குப் போகவேண்டும். அம்மாவைக் கேட்டால் "பாக்கலாம்" என்பாள். அப்பாவைக் கேட்டால் காதில் விழாதது போலப் போய்விடுவார். அப்போதுதான் பெரியம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசினதைக் கேட்டேன்.

"கப்பல்லேர்ந்து எறங்கி வந்து குந்திக்கினுகீதுங்க. அவரு தம்பின்னு நானும் பல்லக் கடிச்சிக்கினுகீறேன். ஒண்ணு ஏடாகூடமா நடக்கட்டும், மூட்டையக் கட்டி அனுப்பிடுவேன்."

எனக்கு வழி தெரிந்துவிட்டது.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெரிய பானையில் கூழ் தயாராக இருந்தது. பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அப்பா வேப்பங்கிளை வெட்டப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில். நான் கொட்டகைக்குள் போனேன். களிமண்ணைச் சுரண்டி எடுத்தேன். துணியை அவிழ்த்தேன். ஜாடியை இழுத்துக்கொண்டுபோய்ச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் மூக்கைத் தூக்கினாள்.

"இன்னாக்கா, கூழு ரொம்பப் புளிச்சிப் போச்சா?"

"என் கூழு அப்டியெல்லாம் நாறாதுடி. எலி கிலி செத்துக் கெடக்கும்."

"எலியா? இது பெருச்சாளி. மாமியா மாமனாரோட செத்துக்கீது."

எல்லோரும் சிரித்தார்கள். பரணைப் பார்த்தார்கள். நெல் குதிருக்குப் பின்னால் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்புக்குள்ளேயே எட்டிப் பார்த்தாள். நான் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"காப்பு கட்டின ஊட்ல கவுச்சி! அதுவும் அழுவுன கவுச்சி! தாயே, இன்னா பாவம் பண்ணேன் நானு!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யார்றீ வச்சது இத?"

அம்மா கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். ஜாடியைப் பார்த்தாள். உடைந்த களிமண்ணைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நகத்திலெல்லாம் களிமண். என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, என் இரண்டு கையையும் தன் ஈரப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் வச்சேன் அக்கா. நான்தான் தொறந்தேன்."

"தொறக்கறதுக்கு இன்னிக்கிதான் நாளு கெடச்சிதா உனக்கு?"

"ஆசையா இருந்திச்சி அக்கா."

அம்மாவுக்கும் ஊருக்குப் போக ஆசை, அதனால்தான் எனக்கு ஒத்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பெரியம்மா கூழை அம்மனுக்கு ஊற்றவில்லை. பானையோடு தூக்கி மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். காப்பை அறுத்துப் போட்டாள். அப்பா தோளில் வேப்பங்கிளையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்றமே சொல்லிவிட்டது. கிளையை இறக்கி வைத்தார். ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் குழி தோண்டிப் புதைத்தார். அம்மாவைத் திட்டவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, அப்பாவைப் பார்க்காமல் பேசினார்.

"சோழவரத்தாண்ட கப்பல்ல வந்தவங்களுக்கு சர்க்காரு எடம் வுடுதாமே. நீ ஒரு தபா போய்ப் பாக்கறதுதானே."

அப்பா "சரிண்ணா" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அப்பா உயிரோடு இருந்தார். சோழவரம் குடிசையிலிருந்து அந்த ஊர் அரைநாள் நடை. பெரியப்பா செத்தபோது போனார். சுடுகாட்டோடு திரும்பிவிட்டார். வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜாடியைத் திறந்தது யார் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜாடியைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில் வண்டி கட்டினார்கள். பெரியப்பாவின் மூத்த மகன் ஓட்டினான். அவனுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். தகரப்பெட்டியும் இரண்டு மூட்டையும்தான். நான் ஓடிப்போய் முதல் ஆளாக ஏறிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். பெரியம்மா வாசலுக்கு வரவில்லை. பெரியப்பா கழனிக்குப் போய்விட்டார் என்றார்கள். நாங்கள் போன வழியில் அவரைக் காணவில்லை.

அப்பா வண்டியில் ஏறவில்லை. சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தார். ஊர் எல்லையில் பெரியப்பாவின் நாற்றங்கால். பச்சையாக விரல் உயரம் வளர்ந்திருந்தது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். ஏதோ மறந்துவிட்டு எடுக்கப் போகிறார் என்று பார்த்தால், குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரை அலசி, வரப்பில் வைத்தார். ஒரு ஓரம் முடித்தார். அடுத்த ஓரத்துக்கு நகர்ந்தார்.

"இன்னா சித்தப்பா, வெயில் ஏறுது" என்றான் பெரியப்பா மகன்.

அப்பா அடுத்த களையைப் பிடுங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிமேல் ஏறி நின்று கத்தினேன்.

"சீக்கிரம் வாப்பா! கப்பல் போயிடும்!"

வண்டி ஓட்டுகிறவன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்பாவின் கை நின்றுபோயிற்று. அவர் குனிந்தபடியே இருந்தார்.

அம்மா என்னைக் கீழே இழுத்து உட்காரவைத்து வாயைப் பொத்தினாள். கத்தினதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.